கன்னா கட்டை: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம். மரவேலை எனக்குப் பொழுதுபோக்கு. கன்னா எனப்படும் ஜப்பானிய இழைப்புளியின் பழைய அலகு ஒன்று, கட்டை இல்லாமல், கைக்கு வந்திருக்கிறது. கட்டையை நானே செய்யலாம் என்று இருக்கிறேன். இரண்டு விஷயம் குழப்புகிறது. அலகை இறுக்க ஆப்பே கிடையாது என்கிறார்கள். பிறகு எப்படி நிற்கும்? அடிப்பக்கத்தை வேண்டுமென்றே சுரண்டிக் குழிவாக்கவும் சொல்கிறார்கள். அடி சமமாக இருந்தால்தானே பலகை சமமாகும்? என்னிடம் ஒரு தேக்குக் கட்டை இருக்கிறது, அது போதுமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அலகைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். தலைப்பக்கம் தடித்து, வெட்டும் நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். அந்த அலகேதான் ஆப்பு. கட்டையின் இரு பக்கச் சுவரிலும் சரிவான காடி இருக்கும்; அலகின் ஓரங்கள் அதற்குள் நுழையும். தலையில் சுத்தியலால் தட்டத் தட்ட இறுகிக்கொண்டே இறங்கும். பின்னுக்கு எடுக்க வேண்டுமென்றால் அலகைத் தொடாமல், கட்டையின் பின் விளிம்பில் இடமும் வலமுமாக மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். அலகுக்கு மேல் ஒரு சின்னத் தகட்டைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது அலகைப் பிடிப்பதற்கு இல்லை. ரேகை எதிர்த்து ஓடும் இடத்தில் மரம் பெயர்ந்து வராமல் சீவலை மடக்கிவிடுவதற்கு.

ஆகவே வேலையின் பெரும்பகுதி அலகு படுக்கும் சரிவில்தான். வழக்கமான சரிவு 10-க்கு 8, அதாவது கிட்டத்தட்ட 39 டிகிரி. மேலிருந்து ஒரு குடைவு, அடியிலிருந்து ஒடுக்கமான வாய், இரண்டும் சந்திக்கிற வரை உளி வேலை. காடியை மெல்லிய ரம்பத்தால் அறுக்கலாம். அப்புறம் அவசரப்படவே கூடாது. அலகின் சரிவில் படுகிற பக்கத்தில் மையோ எண்ணெயில் குழைத்த கரியோ மெல்லிசாகப் பூசி, உள்ளே தட்டி, வெளியே எடுங்கள். சரிவில் எங்கே கறை ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் லேசாகச் சீவுங்கள். மறுபடி பூசுங்கள், தட்டுங்கள், பாருங்கள். கறை பரவலாக விழும் வரை இதேதான். கையால் தள்ளும்போது நுனி வாய்க்குச் சில மில்லிமீட்டர் முன்பே நின்று, மிச்ச தூரத்துக்குச் சுத்தியல் தேவைப்பட்டால் பிடிப்பு சரி.

அலகின் இரண்டு ஓரத்திலும் காடிக்குள் கொஞ்சம் சந்து விடுங்கள், மறந்துவிடாதீர்கள். வறண்ட காலத்தில் மரம் அகலத்தில் சுருங்கும், இரும்பு சுருங்காது. சந்து இல்லையென்றால் கட்டை பிளக்கும்.

இனி அடிப்பக்கம். மெருகு இழைப்புக்கான கன்னாவில் பலகையைத் தொட வேண்டியது இரண்டு கோடுகள்தான்: இழுக்கும் திசையில் கட்டையின் முன் ஓரம் ஒன்று, வாயை ஒட்டி அதற்கு முன்னால் ஒன்று. மற்ற இடமெல்லாம் ஒரு தாள் கனத்துக்குப் பலகையைத் தொடாமல் உள்வாங்கியிருக்கும். மரக்கட்டை ஈரத்துக்கும் வெயிலுக்கும் அசைந்துகொண்டே இருக்கிற பொருள். அடி முழுவதையும் என்றைக்கும் சமமாக வைத்திருக்க முடியாது. இரண்டு கோடுகளை ஒரே தளத்தில் வைத்திருக்க முடியும். நடுவில் எங்காவது புடைத்தால் கட்டை அதன்மேல் ஏறி ஆடும், அலகு பலகையை எட்டாது. பலகையை நேராக்கும் கன்னாவுக்குப் பின் ஓரத்தில் மூன்றாவது கோடும் விடுவார்கள். உங்கள் சந்தேகத்துக்கு அங்கே நியாயம் இருக்கிறது.

சுரண்டும்போது அலகு உள்ளேயே இறுகி இருக்கட்டும், நுனி மட்டும் வெளியே தெரியாமல். அலகின் அழுத்தத்தால் அடி சற்றே புடைக்கும். அலகை எடுத்துவிட்டுப் பார்த்த சமம், அலகைப் போட்டதும் போய்விடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், ஹினோக்கி, சுகி போன்ற மென்மரங்களில் எழும் ஜப்பானியக் கட்டடங்களில் வார்னிஷ், உப்புத்தாள் எதுவும் இல்லாமல் இழைத்த பரப்பையே அப்படியே விடும் மரபு இருக்கிறது. நார் நசுங்காமல் வெட்டுப்பட்ட பரப்பு தானாகவே மினுங்கும், தண்ணீரும் சட்டென்று ஊறாது. 1997-இல் தொடங்கிய கெசுரோகாய் கூட்டங்களில் தச்சர்கள் சில மைக்ரான் தடிமனுக்குச் சீவல் எடுக்கிறார்கள். அதை வெறும் வித்தை என்று நான் நினைக்கவில்லை. கூர், சரிவின் பொருத்தம், அடியின் கோடுகள் எல்லாம் சரியாக இருந்தால்தான் அந்தச் சீவல் அறுபடாமல் வரும். இரும்பு இழைப்புளியில் தொழிற்சாலை சமப்படுத்தித் தருவதை, கன்னாவில் இழைப்பவரே காலம் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறார். அதனாலேயே இந்தக் கருவிமேல் எனக்கு அவ்வளவு மதிப்பு.

தேக்கு நிரந்தரக் கட்டைக்கு ஒத்துவராது. காடி நசுங்கும், அடி சீக்கிரம் தேயும். ஜப்பானில் ஷிராகாஷி, அகாகாஷி என்ற கனமான, இறுக்கமான ஓக் வகைகளைப் பல வருஷம் உலரவைத்து, மரப்பட்டை இருந்த பக்கம் அடியாக வரும்படி எடுப்பார்கள். ஆனாலும் முதல் கட்டையை அந்தத் தேக்கிலேயே செய்யுங்கள். காடி அறுப்பதும் கறை பார்த்துச் சீவுவதும் அதில் கைக்குப் பழகும். அதே கனமும் இறுக்கமும் உள்ள, நன்றாக உலர்ந்த மரம் கிடைத்ததும் அடுத்ததைத் தொடங்கலாம். அதுவரை அலகுக்கு எண்ணெய் தடவி, துருப்பிடிக்காமல் வைத்திருங்கள்.

அன்புடன்.