பங்காளி வழக்கைத் தேட 18,000 ரூபாய் சந்தா எதற்கு?

கேள்வி: கானாடுகாத்தானில் ஒரு பூர்வீக வீட்டில் ஒரு பங்கு விலைக்கு வருகிறது. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. ஆனால் பங்காளிகளுக்குள் வழக்கு நடப்பதாகக் காதில் விழுந்தது. தேடிப் பார்க்க சட்டத் தரவுத்தளம் ஒன்றில் சேரச் சொல்கிறார்கள்; ஆண்டுச் சந்தா 18,000 ரூபாயாம். கட்டலாமா? - வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். அந்தத் தரவுத்தளங்களின் பலம் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். தேவகோட்டை நீதிமன்றத்தில் வாய்தா மேல் வாய்தாவாக ஓடும் பாகப்பிரிவினை வழக்கு அதில் கிடைக்கும் என்று நம்பிப் பணம் கட்ட முடியாது. வில்லங்கச் சான்றையும் நம்பி உட்கார வேண்டாம். பதிவான ஆவணங்கள்தான் அதில் வரும். வழக்கு நடக்கும்போது வாங்கினால், சொத்து மாற்றுச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும்.

நீங்கள் பார்க்க வேண்டியது இகோர்ட்ஸ் தளம்; நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் அரசு இணையதளம். காசு கிடையாது. மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் மூன்றையும் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரையும் ஆண்டையும் கொடுக்க வேண்டும். கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம். செட்டிநாட்டு ஊர்கள் சில புதுக்கோட்டையில் இருக்கின்றன, வேறு வீடு பார்த்தால் அதைக் கவனியுங்கள். வழக்குப் போட்ட ஆண்டு தெரியாவிட்டால் ஒவ்வோர் ஆண்டாக மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். நிலுவை, முடிந்தவை இரண்டையும் பாருங்கள்.

பெயர்தான் நம் பக்கத்துத் தலைவலி. பெயருக்கு முன்னால் ஆர்எம்.ஏஆர். என்று நீளும் விலாச எழுத்துகளை ஒருவர் புள்ளி வைத்து ஏற்றியிருப்பார், இன்னொருவர் இடம் விட்டு. அதனால் விலாசத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் போடுங்கள். ராமநாதன், சிதம்பரம் என்றால் பட்டியல் நீண்டுகொண்டே போகும், பாட்டனார் பெயர் பேரனுக்கு வருகிற ஊர் அல்லவா! பாகப்பிரிவினை வழக்கில் பங்குள்ள எல்லோரையும் சேர்ப்பார்கள் என்பதால் வீட்டுப் பெண்களான ஆச்சிமார் பெயரிலும் தேடுங்கள். மெய்யம்மையை ஆங்கிலத்தில் இரண்டு ‘ஒய்’ போட்டும் எழுதுவார்கள், ‘ஐ’ சேர்த்தும் எழுதுவார்கள். எல்லா விதமாகவும் அடித்துப் பாருங்கள். வழக்கு அகப்பட்டால் அந்த வழக்குக்கென்றே தரப்பட்ட, எழுத்தும் இலக்கமுமாக 16 இடமுள்ள சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாய்தா தேதியை அதை வைத்தே பார்க்கலாம். ஒன்றும் வரவில்லை என்றால் வழக்கே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். உள்ளூர் வக்கீல் ஒருவரை நீதிமன்றத்திலும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

மேல்முறையீட்டுத் தீர்ப்புகளுக்கும் இலவச வழி உண்டு. இந்தியன் கானூன் தளத்தில் ஊர்ப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு அந்த நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளம் இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் 1985-இல்தான் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. பழைய தீர்ப்பு என்றால் ‘ராம்நாட்’ என்றும் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் 18,000 ரூபாய்க்கு என்னதான் தருகிறார்கள்? ஒரு தீர்ப்பு இன்னும் செல்லுமா என்று பக்கத்திலேயே குறி காட்டுவார்கள். அது சின்ன விஷயம் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் அதே நீதிமன்றம் அதை மாற்றி, அந்த நிபந்தனை தேவையில்லை என்றது. பழைய தீர்ப்பை மட்டும் படித்தவர் பெண் மக்களை விட்டுவிட்டுப் பங்கு கணக்குப் போட்டிருப்பார். ஆனால் ஒரே ஒரு வீட்டுக்காக நீங்கள் சந்தா கட்டுவானேன்? சந்தா வைத்திருக்கும் வக்கீலிடம் கருத்துரை கேட்டு, அதற்கு உரிய கட்டணம் கொடுத்தால் போதும்.

கேள்வி: இணையத்தில் இறக்கிய தீர்ப்பை வங்கிக் கடனுக்குக் கொடுக்கலாமா? - வாசகி, தேவகோட்டை

பதில்: படித்துப் பார்க்கச் சரி. ஆதாரமாகக் காட்ட, தீர்ப்பு சொன்ன நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்குங்கள்.