கொழுந்து லொறி ஓட்டியவன் கனடாவில் ஓடுபாதைப் பனி தள்ளலாமா?

கேள்வி கேட்ட தம்பி இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் போலத் தெரிகிறது. கனரக லைசென்ஸ் இருக்கிறதாம். கனடாவில் ஒரு சிறிய விமான நிலையத்தில் ஓடுபாதைப் பனி தள்ளும் வேலை வரும் போலிருக்கிறதாம். பனியில் வண்டி வழுக்கினால் ஆபத்தா என்கிறார். நானும் அந்தப் பக்கம்தான், பொகவந்தலாவையில் ஒன்பது வருடம் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியவன். அப்புறம் 2015இலிருந்து நாலு குளிர்காலம் கனடாவில் இதே வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன். பெரிய விமான நிலையங்களில் வேலை செய்தவர்கள் வேறு மாதிரிச் சொல்லக்கூடும். நான் என் அனுபவத்தைத்தான் எழுதுகிறேன்.

வழுக்கலுக்குப் பயப்பட வேண்டாம். மழை நாளில் கொழுந்து மூட்டையோடு தோட்டத்து ரோட்டில் இறங்கிய கைக்கு அது சீக்கிரம் பழகிவிடும். ஓடுபாதை நேராக, அகலமாக இருக்கும். கொண்டை ஊசி வளைவு கிடையாது, பள்ளத்தாக்கு கிடையாது. எதிரே பஸ் வராது. வருவது விமானம், அதற்கு உங்களுக்காக ஒதுங்கத் தெரியாது.

சின்ன இடங்களில் பெரும்பாலும் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்காது. விமானியும் வண்டிக்காரனும் ஒரே அலைவரிசையில் பேசிக்கொள்ள வேண்டும். இன்ன வண்டி, இன்ன ஓடுபாதையில் ஏறுகிறேன், இறங்கிவிட்டேன். பனிமூட்டத்தில் நாம் வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிக்கிற மாதிரிதான். ஆனால் ஹோர்ன் சத்தம் எப்படியும் காதில் விழும். ரேடியோவோ சரியான சனலில் இருந்தால்தான் கேட்கும்.

பயிற்சியில் முதல் நாளே கிரான்புரூக் கதையைச் சொன்னார்கள். 1978 பெப்ரவரி 11, பிரிட்டிஷ் கொலம்பியா. கல்கரியிலிருந்து வந்த போயிங் 737, சொல்லப்பட்ட நேரத்துக்குச் சுமார் பத்து நிமிடம் முந்தி வந்துவிட்டது. ஓடுபாதையில் பனி தள்ளும் வண்டி நின்றது. சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் விமானிகள் அதைக் கண்டு மறுபடி மேலே எழும்பினார்கள். வேகம் குறைப்பதற்காக எஞ்சினில் திறந்த தடுப்புகளில் ஒன்று சரியாக மூடவில்லை. விமானம் விழுந்து நொறுங்கியது. இருந்த 49 பேரில் 40க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். வண்டி ஓட்டியவர் பிழைத்தார். அவர் அதற்குப் பிறகு எப்படித் தூங்கினார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

யோசிக்கக் காரணம் இருக்கிறது. மூன்றாவது குளிர்காலம், ஜனவரி, பின்னேரம் நாலு மணிக்கே இருட்டு. வண்டியில் பொருத்தியிருந்த இரண்டு ரேடியோக்களில் ஒன்று ஒரு கிழமையாக வேலை செய்யவில்லை. பனி தள்ளும் பிளேட்டில் ஏதோ முறிந்த மாதிரிச் சத்தம் வந்தது. ஷெட்டில் இருந்தவரிடம் கேட்பதற்காக இருந்த ஒரே ரேடியோவை எங்கள் சொந்தச் சனலுக்கு மாற்றினேன். பேசி முடித்தேன். திருப்பி மாற்ற மறந்துவிட்டேன்.

ஒரு சின்னச் சரக்கு விமானம் மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தள்ளுகிற பனி தூளாக எழும்பி வண்டியையே மூடிவிடும். கூரையில் சுழலும் மஞ்சள் விளக்குகூடப் பின்னாலிருந்து பார்த்தால் தெரியாது. தலைக்கு மேலே இரைச்சல் கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். அந்த விமானி கடைசி நேரத்தில் விளக்கைக் கண்டு இறங்காமல் மேலே போய்விட்டார். நான் ஓடுபாதையை விட்டு இறங்கி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"ரேடியோ பழுது என்று எழுதிவிடு, நம்புவார்கள்" என்றார் ஒருவர். நான் எழுதவில்லை. சனலை மாற்றியது நான், மறந்தது நான் என்றே எழுதிக் கொடுத்தேன். இரண்டு கிழமை வண்டியில் ஏற்றவில்லை. அதன் பிறகு இரண்டு ரேடியோவும் வேலை செய்தால்தான் ஓடுபாதையில் ஏறலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். செய்த பிழையைப் பெருமையாகச் சொல்கிறான் என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறீர்கள். எழுதுங்கள். பழுது என்று நான் எழுதியிருந்தால் ரேடியோவைத் திருத்தியதோடு விஷயம் முடிந்திருக்கும், அந்த நோட்டீஸ் வந்திருக்காது.

கோபுரம் இருந்தால் இப்படி நடக்காது என்பவர்களுக்கு: 2014 ஒக்டோபரில் மொஸ்கோவின் வினுகோவோவில் கோபுரம் இருந்தது. புறப்பட ஓடிக்கொண்டிருந்த சிறிய ஜெட் பனி தள்ளும் வண்டியில் மோதி, உள்ளே இருந்த நாலு பேரும் இறந்தார்கள். பிரெஞ்சு எண்ணெய்க் கம்பெனி டோட்டலின் தலைவரும் அதில் ஒருவர். வழி தவறிவிட்டது என்றார் வண்டிக்காரர்.

எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் போவது நமக்குப் புதிதா? 1974 டிசம்பர் 4, நோட்டன் பிரிட்ஜ் ஏழு கன்னி மலை. இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த டிசி-8, கொழும்பு பக்கத்தில் வந்துவிட்டது என்று எண்ணி இறங்கி மலையில் மோதியது. இருந்த 191 பேரும் இறந்தார்கள். எங்கள் அப்பா அந்தக் கதையைச் சொல்லியே இந்த வேலைக்குப் போகாதே என்று தடுத்தார்.

வேலையில் எனக்குப் பிடித்த ஒன்றும் உண்டு. ஓடுபாதை எவ்வளவு வழுக்குகிறது என்று அளப்பதற்கு, கருவி பொருத்திய வண்டியை ஓட்டி வேண்டுமென்றே பிரேக் அடிக்க வேண்டும். நம்ம ரோட்டில் மழையில் பிரேக் அடித்தால் கிளீனர் பையன் கத்துவான். அங்கே அதற்குச் சம்பளம். இன்னொன்று, ரோட்டுக்குப் போடும் உப்பை ஓடுபாதைக்குப் போடமாட்டார்கள். விமானத்தின் உலோகத்தை அது அரித்துவிடும். மணலும் வேறு இரசாயனங்களும்தான்.

லைசென்ஸ் மட்டும் போதாது. விமான நிலையத்துக்குள் ஓட்டத் தனி அனுமதி, அதற்குப் பரீட்சை, ரேடியோவில் பேசச் சான்றிதழ், எல்லாம் வேண்டும். அதெல்லாம் படித்தால் வரும். என்னை உண்மையில் அலைக்கழித்தது விலாசம். பாதுகாப்புச் சோதனைக்குக் கடந்த வருடங்களின் விலாசங்களைக் கேட்டார்கள். பிறந்து வளர்ந்த லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, என்ன விலாசம் எழுதுவது? தோட்டத்தின் பெயரும் டிவிஷனும்தான். வீட்டு இலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. எங்களுக்கு வரும் கடிதம் தோட்ட ஒபிஸுக்குப் போய், யார் கையிலோ கிடந்து, வந்தால் வரும். தேயிலைப் பெட்டிக்கு உலகம் முழுக்க விலாசம் இருக்கிறது, கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு இல்லை. மூன்று மாதம் இழுத்தடித்தது. ஏஜென்டுக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் கிராம சேவகரிடம் போய் வதிவிடச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. ஒன்றல்ல, இரண்டு பிரதி.