நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகக் கல் தள்ளிக்கொண்டு வந்துவிடுமா? சிறுநீர் இறங்கும் குழாய் வெறும் குழாய்தானா?

கேட்டிருப்பவர் வள்ளியூர்ப் பக்கம். சித்தப்பாவுக்கு வலது பக்கக் குழாயில் கல் நிற்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. "செம்பு செம்பாத் தண்ணியக் குடிங்க, தள்ளிக்கிட்டு வந்துரும்" என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்களாம். நான் மருத்துவர் இல்லை. பாளையங்கோட்டையில் செவிலியர் படிப்புக்கு உடலியங்கியல் பாடம் எடுக்கிறேன். இந்தக் குழாயைப் பற்றிப் பேச எனக்கு நிறையவே இருக்கிறது.

அது வெறும் குழாய் இல்லை. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் யூரேட்டர் 25 முதல் 30 செ.மீ. நீளம், உள்வழி 3 அல்லது 4 மி.மீ. அதன் சுவரில் பெரும்பங்கு தசை. கை கால் தசை மாதிரி நாம் நினைத்து அசைப்பதல்ல. குடலிலும் கருப்பையிலும் இரத்தக்குழாயிலும் இருக்கிற மென்தசை. சிறுநீர் கீழே வருவது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதால் அல்ல. மாதக்கணக்கில் படுத்தே கிடக்கிற நோயாளிக்கும் அது ஒழுங்காகப் பைக்குப் போய்ச் சேர்கிறது. தள்ளுவது தசை.

அந்தத் தசைச் செல்கள் கதிர் வடிவில், ஒற்றை உட்கருவோடு இருக்கும், வரிகள் கிடையாது. சுருக்கத்தை உண்டாக்கும் ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் உண்டு, ஆனால் கைத்தசையில் போல வரிசையாக அடுக்கியிராமல் குறுக்கும் மறுக்குமாக ஓடும். செல்லுக்குள் கால்சியம் நுழைந்தால் சுருங்கும், வெளியேறினால் தளரும். பக்கத்துப் பக்கத்துச் செல்களை நுண்ணிய இணைப்புகள் சேர்த்திருப்பதால் ஒரு செல்லில் எழுகிற மின்தூண்டல் அடுத்ததுக்குத் தாவிக்கொண்டே போகும். உள்ளே நீளவாக்குத் தசை, வெளியே வட்டத்தசை, கடைசி மூன்றில் ஒரு பங்கில் மட்டும் அதற்கும் வெளியே இன்னொரு நீளவாக்கு அடுக்கு என்று பாடப்புத்தகம் சொல்லும். குடலில் இருப்பதற்கு நேர் எதிரான அமைப்பு. நுண்ணோக்கியில் பார்த்தால் மனித யூரேட்டரில் அடுக்குகள் அவ்வளவு சுத்தமாகப் பிரிந்து தெரியாது. தசைக்கற்றைகள் சாய்வாகப் பின்னிக்கிடக்கும், நடுநடுவே இணைப்புத்திசு. படத்தில் உள்ளதை ஸ்லைடில் தேடித் திணறும் மாணவிகளிடம் நான் சொல்வது, ஸ்லைடை நம்புங்கள் என்றுதான்.

சுருங்கும்படி யார் உத்தரவு போடுகிறார்கள்? மூளை இல்லை, நரம்பும் இல்லை. 1869-லேயே எங்கல்மன் என்ற ஜெர்மானிய உடலியங்கியலாளர் யூரேட்டரை ஆராய்ந்து, அலை தசையிலிருந்தே பிறக்கிறது என்று எழுதினார். சிறுநீரகத்துக்குள் சிறுநீர் வந்து விழுகிற சின்னச் சின்னக் கிண்ணங்கள் இருக்கின்றன. அவற்றின் சுவரில் உள்ள தனிவகை மென்தசைச் செல்கள்தான் தாளத்தைத் தொடங்கி வைக்கின்றன. நரம்புகள் வேகத்தைக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும், அவ்வளவே. சிறுநீரக மாற்று அறுவையில் நரம்புகள் எல்லாம் அறுபட்ட பிறகும் பொருத்திய யூரேட்டர் அலையடிக்கிறதே, வேறென்ன சான்று வேண்டும்? கருப்பை அறுவை செய்கிறவர்கள் யூரேட்டரை அடையாளம் காண இடுக்கியால் லேசாகத் தொடுவார்கள். அது புழு நெளிவது போல நெளிந்து காட்டும். இரத்தக்குழாய் அப்படி நெளியாது.

அலை எப்படித் தள்ளுகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். பால் கறக்கிறவர் கையைக் கவனித்திருப்பீர்கள். காம்பின் மேல்பக்கத்தை முதலில் இறுக்கி மூடிவிட்டு, பிறகுதான் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி அழுத்துவார். மேலே மூடாமல் அழுத்தினால் பால் மடிக்கே திரும்பிவிடும். யூரேட்டரும் அப்படித்தான். சிறுநீர்த் திரளுக்குப் பின்னால் சுவரும் சுவரும் ஒட்டி மூட வேண்டும். மூடினால்தான் தள்ள முடியும். நிமிடத்துக்குச் சில தடவை, நொடிக்கு 2, 3 செ.மீ. வேகத்தில் அந்த அலை இறங்கும். சும்மா இருக்கும்போது குழாய்க்குள் அழுத்தம், 5 செ.மீ. உயரத் தண்ணீர் கொடுக்கிற அழுத்தத்துக்குள் இருக்கும், அலை கடக்கும்போது அதே கணக்கில் 20 முதல் 80 செ.மீ. வரை ஏறும்.

சிறுநீர் குறைவாக ஊறும்போது மேலே எழுகிற அலைகளில் சிலதான் யூரேட்டருக்குள் இறங்கும். ஊறுவது கூடினால் ஒவ்வொரு அலையும் இறங்கும். இன்னும் கூடினால் ஒவ்வொரு திரளும் பெரிதாகும். அதற்கும் மேலே போனால் திரள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே நீர்த்தூணாகிவிடும். சுவர் மூட வழியில்லை, தசையின் வேலை நின்றுபோகும்.

இப்போது கல்லுக்கு வருகிறேன். கல் பெரும்பாலும் சிக்கும் இடங்கள் மூன்று: சிறுநீரகம் முடிந்து குழாய் தொடங்கும் இடம், காலுக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய்களைக் குறுக்கே கடக்கும் இடம், பைக்குள் நுழையும் இடம். கடைசியதுதான் ஆகக் குறுகல். அடைத்ததும் தசை முதலில் வேகமாகவும் பலமாகவும் அடித்துப் பார்க்கும். பின்னால் சிறுநீர் தேங்கித் தேங்கிக் குழாய் விரியும். விரிந்த சுவர் ஒட்டி மூடாது, ஆகவே தள்ளும் பலம் போய்விடும். விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் ஓடுகிற அந்த வலி, ஆளை உட்கார விடாமல் நிற்க விடாமல் புரட்டியெடுக்கிற வலி, கல் கீறுவதால் மட்டும் வருவதல்ல. பெரும்பங்கு இந்த அழுத்தமும் சுவர் இழுபடுவதும்தான். அந்த நேரத்தில் செம்பு செம்பாக ஊற்றினால், ஏற்கெனவே விரிந்து கிடக்கிற குழாயில் இன்னும் அழுத்தம் ஏறும், வாந்தியும் வரும். வாழைத்தண்டுச் சாறு என்றாலும் இதே கணக்குத்தான். வலி இருக்கும்போது தாகத்துக்குக் குடித்தால் போதும்.

ஊரார் சொல்வதில் பாதி சரி. கல் வராமல் தடுக்கத் தண்ணீரை விடச் சிறந்தது இல்லை. நாளுக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குக் குடிக்க வேண்டும். முக்கூடலில் இருக்கிற என் மைனி பீடி சுற்றுகிறவர். மடியில் தட்டை வைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். எழுந்தால் கணக்குக் குறையும் என்பதால் தண்ணீரே குடிக்க மாட்டார். நம் பக்கத்து வெயிலில் அப்படி உட்கார்ந்தால் கல் சேராமல் என்ன செய்யும்? அவருக்கும் வந்தது. ஊசி போட்டார்கள், வலி போனது. "கல்லு கரைஞ்சு போச்சு" என்று திரும்பத் தட்டை எடுத்துவிட்டார். நான் வற்புறுத்தித்தான் மறுபடி ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். கல் அதே இடத்தில். மேலே சிறுநீரகம் வீங்கியிருந்தது.

இதைத்தான் உங்கள் சித்தப்பாவுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வலி நின்றதும் கல் வெளியேறியதும் ஒன்றல்ல. முழு அடைப்பு வந்து சில மணி நேரம் கடந்தால் அந்தச் சிறுநீரகத்துக்கு வரும் இரத்தமே குறைந்து, சிறுநீர் ஊறுவது குறைந்து, அழுத்தமும் தானாக இறங்கும். வலி அடங்கும். அடைப்பு அப்படியே இருக்கும். வாரக்கணக்கில் நீடித்தால் சிறுநீரகமே கெடும், சத்தமில்லாமல்.

டைக்ளோபினாக் போன்ற ஊசி வலியை மறைக்க மட்டும் போடுவதல்ல. அடைப்பு வந்ததும் உடலில் ஊறும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சிறுநீரகத்துக்கு இரத்தத்தைக் கூட்டி அழுத்தத்தை ஏற்றும்; அதை இந்த மருந்து தடுக்கிறது. சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்துக்கடையில் தாமாக வாங்கிப் போடக்கூடாது. டாம்சுலோசின் மாத்திரை யூரேட்டரின் கீழ்ப்பகுதித் தசையைத் தளர்த்தும். 2015-ல் பிரிட்டனில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் செய்த பெரிய ஆய்வில் அதனால் பலன் தெரியவில்லை. ஆனால் 5 மி.மீ.க்கு மேல் உள்ள, கீழே வந்து நிற்கும் கற்களுக்கு உதவுகிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியிருப்பதால் அந்த மாதிரிக் கற்களுக்கு இன்றும் எழுதுகிறார்கள். 4 மி.மீ.க்குள் உள்ள கல் பெரும்பாலும் தானே இறங்கிவிடும்.

ஸ்கேன் அறிக்கையில் கல்லின் அளவும் நிற்கும் இடமும் போட்டிருக்கும். அந்த இரண்டையும் பார்த்துத்தான் காத்திருக்கலாமா, எடுக்க வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். சிறுநீரை வடிகட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், கல் கிடைத்தால் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். மருத்துவர் சொல்லும் நாளில், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மறு ஸ்கேன் எடுக்க வேண்டும். அடைப்போடு குளிரும் காய்ச்சலும் சேர்ந்தால், சிறுநீர் வருவதே நின்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்று இரவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.