வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியதும் சொந்த வீடே ஒட்டாமல் போவது ஏன்? எவ்வளவு நாளில் சரியாகும்?

எனக்குக் கிட்டத்தட்ட ஒன்பது மாதம் பிடித்தது. முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. விருந்தாளி மாதிரி இருந்தேன், அப்படியே கவனித்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் செருப்பை மாட்டும்போது அம்மா, "எங்க கிளம்பிட்ட? எப்ப வருவ?" என்றார். சாதாரணக் கேள்விதான். இரண்டு வருடம் அப்படிக் கேட்க ஆளில்லாமல் இருந்துவிட்டு வந்தவனுக்குச் சுருக்கென்றது. "சும்மாதான்" என்று கடுகடுத்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். உண்மையில் போவதற்கு ஓர் இடமும் இருக்கவில்லை.

ஏன் என்றால், புது ஊருக்குப் போகும்போது எல்லாம் வேறு மாதிரி இருக்கும் என்று தெரிந்தே போகிறோம். வீட்டுக்கு வரும்போது அந்த எச்சரிக்கை இருப்பதில்லை. ஆல்ஃபிரட் ஷூட்ஸ் என்ற சமூகவியல் அறிஞர் 1945-லேயே, போர் முடிந்து வீடு திரும்பும் வீரர்களை வைத்து இதைத்தான் எழுதினார்: திரும்புகிறவன் தனக்குத் தெரிந்த இடத்துக்கே வருவதாக நினைக்கிறான், அதற்குள் இடமும் மாறியிருக்கும், அவனும் மாறியிருப்பான். பிறகு 1963-ல் கல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதி, வெளிநாட்டில் ஒரு மனச்சரிவு, ஊர் திரும்பியதும் இன்னொன்று என்று 'டபிள்யூ' எழுத்து வடிவில் ஒரு கோடே போட்டுக் காட்டினார்கள். எல்லோருக்கும் அந்தக் கோடு பொருந்துவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் இதற்கு 'ரிவர்ஸ் கல்ச்சர் ஷாக்' என்று ஒரு பெயரும், ஒரு வரலாறும் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

மீதிப் பாதிக்குக் காரணம் நானேதான். வாயைத் திறந்தால் "அங்கெல்லாம்…" என்றுதான் வரும். அக்கா முந்திக்கொண்டு "ஆரம்பிச்சிட்டான்" என்பாள். நண்பர்கள் இரண்டு கதை கேட்டார்கள். மூன்றாவதுக்குப் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். என்னை யாருக்கும் புரியவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் அப்பா மாடிப்படி ஏறுவதைக் கவனித்தேன். கைப்பிடியைப் பிடித்து, ஒரே படியில் இரண்டு காலையும் வைத்து, நின்று, அப்புறம் அடுத்த படி. "எத்தனை நாளாப்பா இப்படி?" என்றேன். "ஒரு வருஷம் இருக்கும்" என்றார். வாரா வாரம் பேசியிருக்கிறோம்; வீடியோ காலில் முகம்தானே தெரியும், முழங்கால் தெரியாதே. நான் இல்லாத இரண்டு வருடக் கதை இவர்களிடமும் இருந்திருக்கிறது, நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கிய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டியது.

மற்றபடி, கூடப் படித்தவர்களில் ஊர் திரும்பிய இரண்டு பேரோடு தொடர்பை விடாதீர்கள். அந்த "அங்கெல்லாம்" முழுவதையும் அவர்களிடம் கொட்டலாம். வேலை கிடைக்கும்வரை காலையில் வெளியே போக ஏதாவது ஒரு காரணம் வைத்துக்கொள்ளுங்கள், நூலகமாக இருந்தாலும் சரி. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அதை ஊர் மாறிய ஏக்கம் என்று தள்ளிவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இப்போதெல்லாம் செருப்பு மாட்டும்போதே எங்கே போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று நானே சொல்லிவிடுகிறேன். அப்படியும் அம்மா ஒருமுறை கேட்கத்தான் செய்கிறார்.