கல்லீரல் புற்றுக்கு உள்ளுக்குள்ளேயே கதிரியக்கத் துகள் செலுத்தும் ஒய்-90 சிகிச்சை பாதுகாப்பானதா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்கோ தேதி குறித்துவிட்டார்கள் போல. நான் டாக்டர் இல்லை, அப்பாவுக்கு இது நடந்தபோது கூடவே இருந்தவன். 'ஒரு நோயாளியை வைத்துப் பேசாதே' என்று வரப்போகிறவர்களுக்கு: ஒரு நோயாளியை வைத்துத்தான் பேசுகிறேன்.

எல்லாரும் முதலில் குழந்தையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். துகளில் இருக்கும் இட்ரியம்-90 (ஒய்-90 என்பது இதுதான்) விடும் பீட்டா கதிர் திசுவுக்குள் சராசரியாக 2.5 மில்லிமீட்டர்தான் போகும். அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 64 மணி; இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். முதல் சில நாள் குழந்தையை மடியில் வைக்காமல், பக்கத்தில் படுக்க வைக்காமல் இருக்கச் சொல்வார்கள். கர்ப்பமாக இருந்த அக்கா வாசற்படியில் நின்றே அப்பாவிடம் பேசிவிட்டுப் போனாள். அவ்வளவுதான்.

பயம் வேண்டிய இடம் வேறு: துகள் எங்கே போய்ச் சேருகிறது என்பது. கட்டி பெரும்பாலும் கல்லீரல் தமனியின் ரத்தத்தைக் குடித்து வளர்கிறது; நல்ல கல்லீரலுக்கோ குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரைதான் முக்கியம். அதனால் தமனி வழியாக அனுப்புகிறார்கள். அதிலிருந்து ஒரு கிளை இரைப்பைக்குப் போனால் அங்கே புண் வரும். நுரையீரலுக்கு அதிகம் கசிந்தால் அங்கேயும் அழற்சி. இதைப் பார்க்கத்தான் முன்கூட்டியே ஆஞ்சியோ (ரத்தக்குழாய்ப் படம்) செய்து, டெக்னீசியம் என்ற லேசான கதிரியக்கப் பொருள் கலந்த புரதத் துகளை விட்டு ஸ்கேன் எடுப்பது. "ஒரே வேலைய எதுக்குடா ரெண்டு தடவ பண்றாங்க?" என்று அப்பா எரிந்து விழுந்தார். அந்த ஒத்திகையில்தான் இரைப்பைப் பக்கம் போகும் கிளை ஒன்று தெரிந்து, சின்னக் கம்பிச்சுருள் வைத்து அடைத்தார்கள்.

இன்னொன்று, மிச்சமிருக்கும் கல்லீரலின் தெம்பு. ரத்தத்தில் பிலிருபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி) டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் டாக்டர்களே தயங்குவார்கள். சிகிச்சை முடிந்து ஓரிரு மாதம் கழித்தும் மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் வரலாம். வந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள். அப்பாவுக்கு வந்தது லேசான காய்ச்சலும், வாரக்கணக்கில் எழுந்து நடக்கவே சலிக்கும் அசதியும்.

நுரையீரல் கசிவு எத்தனை சதவீதம், பிலிருபின் எவ்வளவு என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் இன்னொருவரிடம் படங்களைக் காட்டுங்கள். படம் என்றதும் ஞாபகம் வருகிறது: இந்தக் காலத்திலும் ஸ்கேனை சிடியில் போட்டுக் கொடுக்கிறார்கள்! எங்களுக்குக் கொடுத்ததை எங்கள் வீட்டு லேப்டாப்பிலும் போட வழியில்லை, இரண்டாவது டாக்டர் மேசையிலும் சிடி டிரைவ் இல்லை. காசு வாங்குவதற்கு மட்டும் எல்லா நவீன வசதியும் உண்டு. பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள், தரமாட்டேன் என்றாலும் விடாதீர்கள்.