லூச்சா லிப்ரே: குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் கேட்டவை

மெக்சிகோ நகரில் வசிக்கிறேன். கணவர், பிள்ளைகள், மாமியார் சகிதம் அரேனா மெஹிகோ அரங்கத்துக்குப் போய் லூச்சா லிப்ரே என்னும் முகமூடி மல்யுத்தம் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அக்கா, ஆறு வயதுப் பையனை அழைத்துப் போகலாமா? ரத்தம் பார்த்துப் பயந்துவிடுவானோ?

தாராளமாகப் போகலாம். ஞாயிற்றுக்கிழமைக் காட்சியாகப் பார்த்துப் போங்கள். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும், எங்கு திரும்பினாலும் முகமூடி மாட்டிய வாண்டுகள் இருக்கும். பெரிய நட்சத்திரங்கள் மோதுவது வெள்ளி இரவில்தான். ஆனால் அன்று பீர் ஆறாக ஓடும், வீடு திரும்பவும் நேரமாகும்.

இந்த அரங்கத்தில் ரத்தம் அபூர்வம். பேட்டைக் கொட்டகைகளைப் பற்றி அப்படி உறுதி சொல்ல மாட்டேன். சுவரொட்டியில் 'எக்ஸ்ட்ரேமா' என்று போட்டிருந்தால் குழல்விளக்கு, முள்கம்பி எல்லாம் வரும். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிடுங்கள். எனக்கு ரத்தத்தைவிட வசவுதான் பயம். பக்கத்து இருக்கைப் பாட்டியிடம் கற்ற ஸ்பானிய வார்த்தைகளைப் பையன் திங்கட்கிழமை பள்ளியில் ஒப்பிப்பான்.

முன்வரிசை டிக்கெட் எடுக்கலாமா?

முதியவர்களோ கைக்குழந்தையோ உடன் இருந்தால் வேண்டாம். கயிறுகளுக்கு இடையே தலையை நீட்டிக்கொண்டு வெளியே பாய்வதற்கு 'தோப்பே' என்று பெயர். குறி எதிராளிக்கு; வந்து சரிவது பல நேரம் முதல் வரிசையில்.

நாங்கள் அங்கே உட்கார்ந்த அன்று ஆஜானுபாகுவான ஒரு மனிதர் மாமியாரின் செருப்பருகில் வந்து விழுந்தார். முகமூடியின் வாய்த்துளை வழியே புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கினார். கன்னப் பகுதியில் தையல் பிரிந்திருந்தது. எழுந்து, நெஞ்சில் கைவைத்து, "பெர்தோன், செஞோரா" என்று மன்னிப்புக் கேட்டார். திரும்பிய வேகத்தில் எதிராளியின் மார்பில் விட்டார் ஓர் அறை. மாமியார் அன்று முதல் அவர் கட்சி. அவரோ ஊரே வெறுக்கும் முரடர்.

சற்றுப் பின்னால், உயரம் ஏறும் வரிசைகளில் உட்கார்ந்தால் மேடை முழுவதும் கண்ணில் படும்.

விதிமுறை ஏதாவது உண்டா? பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை.

உண்டு. பெரும்பாலும் மூவருக்கு மூவர், மூன்று சுற்று. இரண்டில் வென்ற அணிக்கு வெற்றி. ஒரு சுற்றை வெல்ல எதிரணியின் கேப்டனை வீழ்த்த வேண்டும், அல்லது மற்ற இருவரையும் வீழ்த்த வேண்டும். ஒருவர் மேடையை விட்டு இறங்கினால், கையைத் தொட்டு மாற்றிக்கொள்ளாமலே கூட்டாளி உள்ளே வரலாம். ஆட்டம் இவ்வளவு வேகமாக ஓடுவதற்கு அதுவே காரணம். இடுப்புக்குக் கீழே அடிப்பதும், எதிராளியின் முகமூடியை உருவுவதும் தகுதியிழப்பு. தலைகீழாகத் தூக்கி உச்சந்தலை தரையில் மோத இறக்கும் 'மார்த்தினேத்தே'யும் அப்படியே.

விதிப்படி ஆடுபவர் டெக்னிகோ, நடுவர் அந்தப் பக்கம் திரும்பியதும் விதியை மீறுபவர் ரூடோ. துரியோதனன் வேடம் களத்தில் இறங்கியதும் கூத்து சூடுபிடிக்கிறதல்லவா, ரூடோ வந்தால்தான் அரங்கமும் எழுந்து உட்காரும். இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்து கத்துங்கள். நடுநிலையாளருக்கு அங்கே வேலையில்லை.

எல்லாமே நாடகம்தானே? இதற்கு எதற்குக் காசு?

யார் வெல்வது என்பது முன்பே முடிவாகியிருக்கும். அது தெரிந்துதான் அத்தனை பேரும் வருகிறார்கள். ஆனால் மூன்றாவது கயிற்றிலிருந்து குதிப்பவரின் முதுகுக்கு அது நாடகமில்லை. மல்யுத்த வீரர் பெர்ரோ அகுவாயோவின் மகனும் மல்யுத்த வீரர்தான்; அவர் 2015 மார்ச்சில் திஹுவானாவில் நடந்த மோதலில் கழுத்தில் அடிபட்டு இறந்தார். நம் ஊர்ப் பிள்ளைகள் 'டிரம்ப் கார்டு' சீட்டில் சேர்த்த ரே மிஸ்டீரியோவும் அன்று மேடையில் இருந்தார்.

முகமூடிக்கு ஏன் இத்தனை மரியாதை?

முகமூடி போனால் வேடத்தின் பாதி உயிர் போனது. வெள்ளி முகமூடிக்காரர் எல் சாந்தோ பொதுவெளியில் முகம் காட்டாமலே வாழ்ந்தவர். 1984 தொடக்கத்தில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சற்றே தூக்கிக் காட்டினார். சில நாட்களில் இறந்துபோனார். முகமூடியோடுதான் புதைத்தார்கள்.

முகமூடியைப் பந்தயம் கட்டி மோதுவதும் உண்டு. தோற்றவர் அதே மேடையில் கழற்றி, இயற்பெயர், சொந்த ஊர், எத்தனை ஆண்டுகளாக ஆடுகிறார் என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும். 2014இல் அத்லான்திஸிடம் உல்திமோ கெர்ரேரோ தோற்றது அப்படி ஒரு மோதலில்தான். முகமூடி இல்லாதவர் தலைமுடியைப் பணயம் வைப்பார், அங்கேயே மொட்டை.

பிள்ளைகளுக்கு முகமூடியை அரங்க வாசலிலேயே வாங்கலாம். பேரம் பேசுங்கள். மூக்குப் பக்கம் துணி தடித்திருந்தால் வேண்டாம். வியர்த்ததும் கழற்றி எறிந்துவிடுவார்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

சோளப்பொரி, கடலை, எலுமிச்சையும் மிளகாய்ச் சாறும் பிழிந்த சிப்ஸ். வயிறு நிறையாது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

நான் குவாதலஹாராவில் இருக்கிறேன். இதற்காக மெக்சிகோ நகரம் வரை வர வேண்டுமா?

வேண்டியதில்லை. உங்கள் ஊர் அரேனா கொலிசேயோவில் செவ்வாய் இரவு நடக்கிறது, புவெப்லாவில் திங்கள். உங்கள் ஊரில் மல்யுத்தத்துக்கு இணையாக இன்னொரு வேடிக்கையும் உண்டு: மாடியில் மலிவு டிக்கெட்டில் இருப்பவர்கள் கீழே இருக்கும் 'பணக்காரர்'களைத் திட்டுவார்கள், கீழே இருப்பவர்கள் 'ஏழை'களைத் திருப்பித் திட்டுவார்கள், இருதரப்பும் சிரித்துக்கொண்டே. மாமியாரை அங்கே அழைத்துப் போவதாக இருந்தால் மொழிபெயர்க்காதீர்கள்.

பெண்களும் மோதுகிறார்களா? என் மகள் கேட்கச் சொன்னாள்.

மோதுகிறார்கள், பிரமாதமாக. தலைநகரில் 1950களில் விதித்த தடை 1986 வரை நீடித்தது; அதுவரை பெண்கள் வெளியூர்களில்தான் ஆட முடிந்தது. இப்போது பெண்கள் மோதல் இல்லாத வாரம் அரிது. போகும் முன் அந்த வாரச் சுவரொட்டியைப் பாருங்கள். பெண்கள் ஆட்டம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்துவிடும், தாமதமாகப் போனால் தவறவிடுவீர்கள்.