வங்கித் தேர்வு இங்கிலீஷ்: முதலில் வெர்பைத் தேடட்டும்

ஆச்சி, உங்கள் மகளுக்குக் கணக்கும் ரீசனிங்கும் நன்றாக வருகிறது, இங்கிலீஷ்தான் காலை வாருகிறது என்கிறீர்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் பலருக்கும் இதே சிக்கல்தான். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்தால் போதும். அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் நடத்தும் கிளார்க் முதல்நிலைத் தேர்வில் இங்கிலீஷுக்கு 30 கேள்வி, 20 நிமிடம். பிழை கண்டுபிடிக்கும் கேள்விகள் இந்தப் பழக்கத்தைத்தான் சோதிக்கின்றன.

"எங்கள் அப்பச்சி வியாபாரி" என்றால் தமிழில் அது முழு வாக்கியம். இங்கிலீஷில் 'இஸ்' இல்லாமல் நிற்காது. அதனால் முதலில் வெர்பை, அதாவது வினைச்சொல்லைத் தேடி அடிக்கோடு போடட்டும். அதைப் பார்த்து 'யார், எது?' என்று கேட்டால் கிடைப்பது சப்ஜெக்ட். 'யாரை, எதை?' என்றால் ஆப்ஜெக்ட். குழப்புவது காம்ப்ளிமென்ட்தான், அதாவது சப்ஜெக்ட் யார், எப்படி என்று சொல்லும் பகுதி. "ஷீ மெட் எ மேனேஜர்" என்பதில் இரண்டு பேர் இருக்கிறார்கள், மேனேஜர் ஆப்ஜெக்ட். "ஷீ பிகேம் எ மேனேஜர்" என்பதில் ஒரே ஆள், மேனேஜர் காம்ப்ளிமென்ட்.

சப்ஜெக்ட் நீளும்போதுதான் மார்க் போகிறது. "தி குவாலிட்டி ஆஃப் ஆத்தங்குடி டைல்ஸ் ஆர் குட்" என்று படித்தால், 'டைல்ஸ்' பக்கத்திலேயே இருப்பதால் 'ஆர்' சரியென்றே காதுக்குப் படும். நன்றாக இருப்பது எது? குவாலிட்டி. அது ஒருமை, அதனால் 'இஸ்'. 'ஆஃப்' முதல் 'டைல்ஸ்' வரை பென்சிலால் அடைப்புக்குறி போட்டுவிட்டுப் படித்தால் பிழை உடனே தெரியும். 'மோஸ்ட் ஆஃப்', 'சம் ஆஃப்' போன்றவை விதிவிலக்கு. அங்கே பின்னால் வரும் பெயர்ச்சொல்லைத்தான் பார்க்க வேண்டும்.

வாக்கிய வகைகளில் செய்தியும் வியப்பும் எளிது. கட்டளையில் 'யூ' மறைந்திருக்கும், அவ்வளவுதான். கேள்வியில்தான் சறுக்குவார்கள். 'டிட்' வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே சுமக்கிறது, ஆகவே "டிட் யூ கோ?" தான், 'வென்ட்' வராது. கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போனால் வரிசையும் மாறும்: "டெல் மீ வேர் தி பேங்க் இஸ்."

சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் பிரிக்கவும் வெர்பைத்தான் எண்ண வேண்டும். ஒரே வெர்ப் இருந்தால் சிம்பிள். 'ஹேஸ் பீன் வொர்க்கிங்' மூன்று சொல்லானாலும் ஒரே வெர்ப். 'அண்ட்', 'பட்' இரண்டு முழு வாக்கியங்களைச் சமமாகச் சேர்த்தால் காம்பவுண்ட். 'பிகாஸ்', 'ஆல்தோ' வந்தால் அந்தப் பகுதி தனித்து நிற்காது, அது காம்ப்ளெக்ஸ். 'ஆல்தோ' போட்ட வாக்கியத்தின் நடுவில் 'பட்' போடுவது நம் பிள்ளைகள் அடிக்கடி செய்யும் தப்பு.

தினம் இங்கிலீஷ் பேப்பரில் 10 வாக்கியம், மூன்று வாரம் பிரிக்கட்டும். தலைப்புகளை எடுக்க வேண்டாம். அவற்றில் 'இஸ்', 'ஆர்' எல்லாம் விட்டுவிடுவார்கள். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து, "யார் செய்தது? என்ன செய்தது?" என்று தமிழில் கேளுங்கள் ஆச்சி. அவள் பதில் சொல்லத் தடுமாறும் வாக்கியங்களை மட்டும் தனி நோட்டில் எழுதி எடுத்து வரட்டும், அங்கிருந்து பார்ப்போம்.